நாற்பதாவது வளைவுக்கு அப்பால்

சுல்தான்பேட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு வால்பாறை முதலில் தண்ணீராகத்தான் அறிமுகம். ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் காற்று அடிக்கும், மழை பெய்யாது. அப்பாரு கிணற்று மேட்டில் உட்கார்ந்து தென்மேற்கே மலை மேல் கறுத்து நிற்கும் மேகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்: "சோலையார்ல எத்தன அடின்னு போட்டிருக்கான், பாரு கண்ணு." நான் பேப்பரைப் புரட்டிச் சொல்ல வேண்டும். சோலையார் அணையின் முழு மட்டம் 160 அடி. நூற்றைம்பதைத் தாண்டிவிட்ட செய்தி வந்தால் அன்றைக்கு அவர் முகமே வேறு. அவர் கடைசி வரை அந்த அணையைப் பார்த்ததில்லை. மலைக்கு மேலே ஊர் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சில் வந்ததே இல்லை.

கார்த்திகை மாதத்து ஒரு விடிகாலையில் பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் வால்பாறை பஸ் ஏறினேன். 64 கிலோமீட்டர். ஆழியார் வரை தென்னை. சோதனைச் சாவடியில் கார்களையெல்லாம் ஓரம் கட்டி இ-பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரங்கு அருவி தாண்டியதும் மலை எழுகிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை. மொத்தம் நாற்பது.

ஒன்பதாவது வளைவின் பெயர் லோம்ஸ் வியூ. இந்தப் பாதையைப் போட்ட பொறியாளர் லோம் என்பவரின் பெயர். பஸ் நிற்காது. இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டால் தனி வண்டிதான். ஆனால் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்களுக்கு அந்த அரை நிமிடமே போதும். கீழே ஆழியார் அணை ஒரு நீலத் தட்டு மாதிரி கிடக்கிறது. அதற்கப்பால் ஆனைமலை, பொள்ளாச்சி, கண்ணுக்கு எட்டும் வரை தென்னந்தோப்பு. எங்கள் ஊரும் அந்தப் பச்சையின் விளிம்பில் எங்கோ இருக்கிறது. பாறைச் சரிவில் இரண்டு வரையாடுகள் வண்டிச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் நின்று மேய்ந்தன. தமிழ்நாட்டின் மாநில விலங்கை இவ்வளவு எளிதாகப் பார்க்கக் கிடைக்கும் சாலை வேறு அதிகம் இல்லை.

அட்டகட்டிக்கு மேலே காற்று மாறுகிறது. காவர்க்கல்லில் பகல் பத்து மணிக்கும் மூடுபனி. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடி மெல்ல ஓட்டினார். பிறகு ஒரு திருப்பத்தில் பனி விலக, வெட்டிச் சமன் செய்த தேயிலை, மேடு பள்ளமெல்லாம் ஒரே சீராக. முதன்முறை பார்ப்பவர்கள் எல்லாரும் போனை எடுக்கும் இடம் அது. நானும் எடுத்தேன்.

அந்தச் சீர் எப்படி வந்தது என்பதுதான் வால்பாறையின் வரலாறு.

நூற்று முப்பது வருடங்களுக்கு முன் இங்கே ஒரு தேயிலைச் செடி கிடையாது. இருந்தது மழைக்காடு. வெடிப்பலாவும் வெள்ளைப் பயினும் கருங்குங்கிலியமும் வானத்தை மூடி நின்ற சோலை. காடர், முதுவர், புலையர், மலைமலசர் என்று அந்தக் காட்டை வீடாகக் கொண்ட மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சிலர் காப்பி போட்டுப் பார்த்தார்கள். பெரிதாக எடுபடவில்லை. 1875-இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசர் எட்வர்டு வேட்டைக்கு ஆனைமலைக்கு வருவதாக இருந்தது, அதற்காகப் பாதையும் விடுதியும் போட்டார்கள், கடைசியில் அவர் வரவில்லை என்று மலையில் ஒரு கதை உண்டு. இங்கே பழைய கட்டடம் எதைக் காட்டினாலும் அந்தக் கதையோடு சேர்த்துத்தான் காட்டுகிறார்கள்.

நிஜமான மாற்றம் 1890-களின் பின்பாதியில் தொடங்கியது. கார்வர் மார்ஷ் என்ற ஆங்கிலேயர் பாரளைப் பகுதியில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார். அவருக்குக் கூட்டாளியாக இருந்த காங்கிரீவ் பிற்காலத்தில் ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றிப் புத்தகமே எழுதினார். மார்ஷுக்குக் காவர்க்கல் பக்கம் சிலை இருக்கிறது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியின் பெரும்பகுதி தேயிலையும் காப்பியுமாக மாறிவிட்டது. மழை இவ்வளவு கொட்டும் இடத்தில் காப்பியைவிடத் தேயிலைதான் நிலைக்கும். ஆகவே காப்பி ஒதுங்கிக்கொள்ளத் தேயிலை பரவியது.

அந்த மாற்றத்தை ஊர்ப் பெயர்களிலேயே படிக்கலாம். கருமலை, அக்காமலை, பச்சைமலை, நல்லமுடி, கெஜமுடி, தாய்முடி, முத்துமுடி என்று மலைக்காரர்கள் வைத்த பெயர்கள் ஒருபுறம். ஸ்டேன்மோர், வேவர்லி, வாட்டர்ஃபால்ஸ், ஹைஃபாரஸ்ட் என்று துரைமார்கள் வைத்தவை இன்னொரு புறம். நடுவில் ரொட்டிக்கடை. யாரோ ரொட்டி விற்ற இடம். யார் என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை.

கங்காணி கூட்டி வந்த கூட்டம்

ஒரு மலையை வெட்டுவதற்கு ஆள் வேண்டும். காடர்கள் வரவில்லை. மரத்தை வெட்டுவது அவர்கள் வேலையில்லை. கீழே பஞ்சமும் சாதிக் கொடுமையும் பிழியும் ஊர்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் போனார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, சேலம், நம் கோவைச் சமவெளி. வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். கையில் முன்பணம் கொடுத்து, மேலே போனால் கஷ்டம் தீரும் என்று சொல்லி, குடும்பத்தோடு கூட்டி வந்தார்கள். அந்த முன்பணம்தான் கயிறு. கம்பளிக்குப் பற்று, அரிசிக்குப் பற்று, நோயில் படுத்த நாளுக்குக் கூலி இல்லை. வருடக் கடைசியில் கணக்கு முடித்தால் கடன் மிச்சம் நிற்கும். கடன் நிற்கிறவரை கீழே இறங்க முடியாது.

அப்புறம் காய்ச்சல். காடு வெட்டிய இடத்தில் தேங்கிய தண்ணீரில் கொசு பெருகி, மலேரியா தொழிலாளர் குடியிருப்புகளை லைன் லைனாகக் கொண்டுபோனது. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் எடுக்க அரசாங்கமே இந்த மலையில் சின்கோனா மரம் பயிரிட்டது. அந்த இடத்துக்கு இன்றைக்கும் சின்கோனா என்றுதான் பெயர். செயற்கை மருந்துகள் வந்ததும் அந்த மரத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. பிற்பாடு அங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் வந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர் குடும்பங்களுக்கு வேலை கொடுத்த அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான 'டான்டீ'யின் பலகையை அங்கே பார்க்கலாம். ஒரு மலையிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் இன்னொரு மலைக்கு வந்து அதே கூடையைத் தூக்கினார்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஒரு டாக்டர். பால் ஹாரிஸ் டேனியல் 1940-களில் இந்தத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தார். தொழிலாளர்கள் சங்கம் அமைக்கத் துணை நின்றார். வயதானவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு 1969-இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்ற நாவலை வெளியிட்டார். நெல்லைச் சீமையின் மயிலோடை கிராமத்திலிருந்து வால்பாறை வரும் கருப்பன், வள்ளி என்ற தம்பதியின் கதை. கோவையின் இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அதைத் தழுவித்தான் இயக்குநர் பாலா 2013-இல் 'பரதேசி' படத்தை எடுத்தார். வால்பாறைக்குப் போகிறவர்கள் பையில் ஸ்வெட்டர் வைக்கிற இடத்தில் அந்தப் புத்தகத்தையும் வைக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். படித்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பச்சையின் நிறமே கண்ணுக்கு வேறு மாதிரி படும்.

சுதந்திரத்துக்குப் பின் 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் முதலாளியின் கடமையாயின. கங்காணி முறை ஒழிந்தது. தொழிற்சங்கக் கொடிகள் லைன் முனைகளில் ஏறின. அந்தக் கொடிகளுக்குப் பின்னால் வேலை இழந்தவர்கள், அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ரொட்டிக்கடை நிறுத்தத்தில் மழைத்தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பத்தைந்து வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். முன்பு கையால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினார்கள். இப்போது கத்தரி. அடியில் பை வைத்த பெரிய கத்தரியை நாள் முழுக்க அசைத்துத் தோள்பட்டை போய்விட்டது என்றார். "உங்களுக்கு எந்த ஊர் பூர்வீகம்க்கா?" என்று கேட்டேன்.

"சிவகங்கைப் பக்கம்னு எங்க பாட்டி சொல்லும். ஊர் பேரு தெரியாதும்மா. கேக்காம விட்டுட்டோம்."

இன்னும் இரண்டு வருடத்தில் அவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். பிறந்தது அந்த லைனில், கல்யாணமாகிப் போனது அடுத்த லைனுக்கு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். மகள் கோயமுத்தூரில். "கீழ போயி ஒரு ரூம்ல எப்படி இருக்கறதுன்னு நெனச்சா மூச்சு முட்டுது. இங்க குளிரு, அட்டை, யானை எல்லாம் பழகிப் போச்சு." நான் எந்த ஊர் என்று அவர் திருப்பிக் கேட்டார். சொன்னேன். "அங்க நம்ம தண்ணி வருதா?" என்றார். வருகிறது என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

வால்பாறையின் அமைதியைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் போல நெரிசல் இல்லை, படகுத் துறை இல்லை, குதிரைச் சவாரி இல்லை என்று. உண்மைதான். ஆனால் அந்த அமைதியில் ஒரு பங்கு ஆட்கள் போய்விட்டதால் வந்தது. 2001 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 95 ஆயிரம். 2011-இல் 71 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பத்தே ஆண்டில் நான்கில் ஒருவர் இல்லை. தமிழ்நாட்டில் ஊரெல்லாம் பெருத்துக்கொண்டிருந்த பத்தாண்டு அது. கட்டுப்படியாகாத கூலி, ஓய்வுக்குப் பின் வீடில்லாத நிலை, பிள்ளைகளுக்கு வேறு வேலையில்லாத மலை. கீழே திருப்பூரும் கோவையும் வா வா என்று கூப்பிடும்போது யார்தான் நிற்பார்கள்? காலியான லைன்களில் இப்போது அசாம், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களுக்கு இந்த மலையின் இருட்டு புதிது. 2025 ஜூனில் பச்சைமலைப் பகுதியில் ஜார்க்கண்ட் தொழிலாளி ஒருவரின் நான்கு வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிப்போனது. வீட்டு வாசலையொட்டித் தேயிலைப் புதர், அதற்குள் இருட்டு. விளக்கும் வேலியும் இல்லாத லைனில் குடியமர்த்தப்படும் ஒவ்வொரு குடும்பமும் 1920-களின் ஆபத்துக்குள்தான் இறக்கிவிடப்படுகிறது.

மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே திருப்பியது

அப்பாருவுக்காக சோலையாருக்குப் போனேன். அணைக்கரையில் நின்றபோது பேச்சு வரவில்லை. 345 அடி உயர அணை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் காடு, அதற்கு மேலே கேரளம்.

இந்த மலையின் ஆறுகள் இயற்கையில் மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் சேர்பவை. மேல் நீராறு இருக்கும் சின்னக்கல்லாரில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தமிழ்நாட்டிலேயே மிக அதிகம் பெய்யும் இடம். மலைக்கு இந்தப் பக்கம் பல்லடம், சுல்தான்பேட்டையில் அதில் ஆறில் ஒரு பங்கு பெய்தாலே நல்ல வருடம். இரண்டுக்கும் நடுவே ஒரு மலைத்தொடர். அதைக் குடைந்து தண்ணீரைத் திருப்பலாம் என்பதுதான் பரம்பிக்குளம் – ஆழியார் திட்டம். காமராஜர் முதலமைச்சர், நம் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தின் சி. சுப்பிரமணியம் அமைச்சர், பொள்ளாச்சி நா. மகாலிங்கம், வி.கே. பழனிசாமிக் கவுண்டர் போன்றவர்களின் விடாத முயற்சி. 1961 அக்டோபர் 7-இல் நேரு தொடங்கிவைத்தார். அந்த நாளைப் பாசன விவசாயிகள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

தண்ணீர் போகும் வழியைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். நீராற்று நீர் சுரங்கத்தில் சோலையாருக்கு. சோலையாரிலிருந்து மின் நிலையம் வழியாகச் சுரங்கத்தில் பரம்பிக்குளம். அங்கிருந்து தூணக்கடவு, பிறகு சர்க்கார்பதி மின் நிலையம். அதன்பின் மலையின் இடுப்பைச் சுற்றி 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய். கடைசியில் திருமூர்த்தி அணை. அங்கிருந்துதான் எங்கள் வாய்க்கால். மொத்தப் பாசனம் ஏறத்தாழ 3 லட்சத்து 77 ஆயிரம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் விடத் தண்ணீர் காணாது. ஆகவே நான்கு மண்டலமாகப் பிரித்துச் சுற்று முறையில் விடுகிறார்கள். கேரளத்தோடு 1970-இல் எழுதிய ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. அவர்கள் பங்காகப் போகிறது.

கொங்கு நாட்டின் தென்னை, பல்லடத்துச் சோளத்தட்டு, அதைத் தின்னும் மாடு, அந்த மாட்டின் பால் என்று கணக்குப் பார்த்தால் எங்கள் வீட்டு அடுப்படி வரை இந்த மலை வந்திருக்கிறது. மழைக்காடு மழையைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மொட்டையான சரிவு அன்றைக்கே உருட்டி விட்டுவிடும், மண்ணோடு. கொங்குச் சமவெளி விவசாயி இந்தக் காட்டைப் பற்றி அக்கறைப்படுவது பெருந்தன்மை அல்ல. மடையில் தண்ணீர் வருமா என்ற கேள்வியிலேயே அந்த அக்கறை அடங்கியிருக்கிறது.

மிஞ்சிய காடு பீடபூமி முழுக்கத் துண்டு துண்டாக இருக்கிறது. தேயிலைக் கடலில் தீவுகள். சுற்றிலும் 2007 முதல் ஆனைமலைப் புலிகள் காப்பகம். திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் என்ற உயிரியலாளர் தம்பதி இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே தங்கி, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை மூலம் அந்தத் தீவுகளை ஒட்டுப் போட்டு வருகிறார்கள். சாலையோரம் உதிரும் காட்டு மர விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, தோட்ட நிர்வாகங்களின் சம்மதத்தோடு சிதைந்த இடங்களில் நடுகிறார்கள். வெட்ட முப்பது வருடம் ஆனது. நட்டு வளர்க்க எத்தனை தலைமுறையோ.

அந்தத் துண்டுக் காடுகளில் ஒன்று புதுத்தோட்டம், டவுனை ஒட்டியே. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு அங்கே நூற்றுக்கு மேல். மரத்தை விட்டு இறங்கவே விரும்பாத உயிர். சாலை நடுவே பிளந்துவிட்டதால் இறங்கித்தான் கடக்க வேண்டும், கடக்கும்போது வண்டியில் அடிபடும். இப்போது சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாய்ப் பட்டைகளால் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு தாய் குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு அதில் ஏறிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். கீழே ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி பிஸ்கட் எறிந்தார். பார்க்கவே வயிறு எரிந்தது. இவ்வளவு பாடுபட்டு மேலே ஏற்றிவிட்ட உயிரை ஒரு பிஸ்கட் கீழே இறக்கிவிடும்.

இந்த மலையில் முதலில் இருந்தவர்களின் கதையையும் சொல்லாமல் விடக் கூடாது. 2019 ஆகஸ்ட் மழையில் கல்லார்குடி காடர் குடியிருப்பு மண் சரிவில் குலைந்தது. அங்கிருந்தவர்களைப் பாழடைந்த எஸ்டேட் வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். காட்டை விட்டு வர மாட்டோம், பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் இடம் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். 2006 வன உரிமைச் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. ஆனாலும் வருடக்கணக்கில் போராடித்தான் அந்த இடத்தைப் பெற்றார்கள். காடு முழுவதும் யாருடைய வீடாக இருந்ததோ, அவர்கள் வீட்டடி மனைக்கு மனு எழுதினார்கள்.

மறுநாள் மாலை கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியில் திரும்பினேன். ஐந்தரைக்கே இருட்டு கட்டிவிட்டது. ஒரு வளைவுக்கு முன்னால் கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். யானை விளக்கு. இங்கே யானையால் இறந்தவர்களில் பலர் யானை அங்கே நிற்பது தெரியாமலேயே இறந்தவர்கள். மூடுபனியில் பஸ்ஸை விட்டு இறங்கி லைனுக்கு நடந்தவர்கள். அதைப் புரிந்துகொண்ட ஆராய்ச்சியாளர் ஆனந்த குமார், ஊர்க்காரர்களையும் வனத்துறையையும் சேர்த்து ஒரு ஏற்பாடு செய்தார். யானை எங்கே என்று சாயங்காலம் போனுக்குக் குறுஞ்செய்தியும் தமிழில் குரல் அழைப்பும் வரும். பக்கத்தில் இருப்பவர் தன் போனிலிருந்து அந்த விளக்கை எரியவிடலாம். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. 2015-இல் அவருக்கு லண்டனில் விட்லி விருது கொடுத்தார்கள்.

பஸ்ஸில் முப்பது பேர் இருந்திருப்போம். பெரும்பாலும் டவுனில் சாமான் வாங்கித் திரும்பும் எஸ்டேட்காரர்கள். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. ஒரு பையன் செல்போன் டார்ச்சை அடிக்கப் போனான். பின்சீட்டிலிருந்து ஒரு கிழவர், "அணைடா தம்பி, அதுக போகட்டும்" என்றார்.

தேயிலைக்குள் இலை உரசும் சத்தம். பிறகு ரோட்டில் ஒரு கறுப்பு, அதன் பின்னால் இன்னொன்று, நடுவில் சின்னதாக ஒன்று. ஆற்றோரக் காட்டை நோக்கி இறங்கின. கண்டக்டர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "அஞ்சு" என்றார் மெதுவாக. "இன்னும் ரெண்டு இருக்கணும்."

காத்திருந்தோம்.